திரெதியக்கோவ்ஸ்கியைச் சிரிக்காமல் சொல்லிக்கொடுங்கள்

ரஷ்ய மொழியும் ரஷ்ய இலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் ரஷ்ய மொழியை மாலை வகுப்பில் படித்தவன். வேலை முடிந்து, பஸ் பிடித்து, மூச்சு வாங்க வகுப்பில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட மொழி அது. இன்று எனக்குச் சோறு போடுவதும் அதுதான். மொழிபெயர்ப்புதான் என் தொழில். உங்களைப் போன்ற ஆசிரியர்கள் இல்லாவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது. அந்த நன்றியோடுதான் என் மனதில் பல வருடமாகக் கிடக்கும் ஒரு குறையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு ரஷ்யக் கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான வசிலி திரெதியக்கோவ்ஸ்கியின் பெயரை நான் முதலில் கேட்டது அந்த மாலை வகுப்பில்தான். எங்கள் ஆசிரியர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லித்தருவார். புஷ்கினைத் தொடங்குவதற்கு முந்தைய வகுப்பில், பதினெட்டாம் நூற்றாண்டை அரைமணி நேரத்தில் முடித்தார். அந்த அரைமணியில் திரெதியக்கோவ்ஸ்கிக்குக் கிடைத்தது ஒரே ஒரு கதை. பேரரசி இரண்டாம் காத்தரின் எர்மிதாஜ் மாளிகையில் நண்பர்களைக் கூட்டி விருந்து வைப்பார். அங்கே விதிகளை மீறுகிறவர்களுக்கு விளையாட்டாகத் தண்டனை உண்டு. சின்னத் தப்பு என்றால் ஒரு குவளை குளிர்ந்த தண்ணீர் குடித்துவிட்டு, திரெதியக்கோவ்ஸ்கியின் 'திலெமாகிதா' காவியத்தில் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். பெரிய தப்பு என்றால் அதிலிருந்து ஆறு வரி மனப்பாடம் செய்ய வேண்டும். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வகுப்பில் புஷ்கின் வந்துவிட்டார்.

அதற்கப்புறம் பல வருடம், அந்தப் பெயரை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வரும். பிறகு ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்காக அவர் 1730இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தின் முன்னுரையைப் படிக்க வேண்டி வந்தது. பழைய எழுத்து, பழைய நடை, அகராதியைப் புரட்டிப் புரட்டித்தான் படித்தேன். படித்து முடித்ததும் அன்று வேறு வேலை ஓடவில்லை. இந்த மனிதரைப் பார்த்தா சிரித்தோம் என்று இருந்தது.

அது 'காதல் தீவுக்குப் பயணம்' என்ற பிரெஞ்சுக் கதையின் மொழிபெயர்ப்பு. மூல ஆசிரியர் போல் தாலெமான். கதை பெரிய விஷயம் இல்லை. அரண்மனை ஆட்கள் பொழுதுபோக்காகப் படிக்கிற காதல் கதை. விஷயம் முன்னுரையில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் ரஷ்யாவில் ஒரு புத்தகம் கௌரவமாக இருக்க வேண்டும் என்றால் அது திருச்சபை ஸ்லாவோனிய மொழியின் வாடையோடு இருக்க வேண்டும். வீட்டில் பேசுவது ஒன்று, காகிதத்தில் எழுதுவது இன்னொன்று. திரெதியக்கோவ்ஸ்கி அந்த முன்னுரையில், இதை ஸ்லாவோனிய மொழியில் பெயர்க்கவில்லை, கிட்டத்தட்ட மிக எளிய ரஷ்யச் சொற்களில், அதாவது நாம் நமக்குள் பேசிக்கொள்வது போலவே பெயர்த்திருக்கிறேன் என்கிறார். அதற்குக் காரணமும் சொல்கிறார். ஸ்லாவோனியம் கோயிலின் மொழி, இந்தப் புத்தகமோ உலக விஷயம் பேசுவது. அந்த மொழி இப்போது நம்மில் பலருக்குப் படித்தால் புரிவதில்லை. இவ்வளவும் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியதுதான். மூன்றாவதாக ஒன்று சொல்கிறார் பாருங்கள்: அந்த மொழி இப்போது என் காதுக்குக் கரடுமுரடாகக் கேட்கிறது, முன்பு நான் அதில் எழுதியது மட்டுமில்லாமல், எல்லாரிடமும் அதிலேயே பேசவும் செய்தேன், யார் முன்னால் அப்படிப் பேசி என் மேதாவித்தனத்தைக் காட்டிக்கொள்ளப் பார்த்தேனோ, அவர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இருபத்தேழு வயது. அச்சில் வருகிற முதல் புத்தகம். அதன் முன்னுரையிலேயே தன் பழைய பெருமையைப் பொதுவில் கழற்றி வைக்கிறார். மொழி கற்பிக்கிற யாருக்கும் இந்த ஒரு பக்கத்தை வகுப்பில் வாசிக்கத் தோன்றாமல் இருக்குமா?

அவர் எங்கிருந்து வந்தவர் என்பதையும் நீங்கள் சொல்ல வேண்டும். 1703, அதாவது பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்கு அடிக்கல் நாட்டிய அதே வருடம், வோல்கா கடலில் கலக்கிற அஸ்திரகானில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். பாரசீகரும் ஆர்மீனியரும் தத்தாரியரும் இந்திய வணிகர்களும் கடை போட்டிருந்த துறைமுக ஊர் அது. கப்புச்சின் துறவிகள் அங்கே நடத்திய பள்ளியில் லத்தீன் படித்தார். அப்பாவைப் போல இவரும் கோயில் வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால் 1723இல் ஊரைவிட்டு ஓடி மாஸ்கோவுக்கு வந்து, ஸ்லாவ-கிரேக்க-லத்தீன் கழகத்தில் சேர்ந்தார். அங்கேயும் மனம் நிற்கவில்லை. 1726இல் ஹாலந்து, ரஷ்யத் தூதர் வீட்டில் தங்கல். அடுத்த வருடக் கடைசியில் பாரிஸ். கையில் காசு தீர்ந்துபோய், வறுமையால் நடந்தே போய்ச் சேர்ந்ததாகப் பின்னால் அவரே ஒரு மனுவில் எழுதியிருக்கிறார். படிப்புக்காக இப்படி நடந்தவர் இவர்.

வெளிநாட்டில் இருந்தபோது ரஷ்யாவைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். தொலைவான நாடுகளைத் தாண்டி ரஷ்யாவைப் பார்க்கிறேன், குழலில் சோகப் பாட்டைத் தொடங்குகிறேன் என்று அது ஆரம்பிக்கும். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஊரை நினைக்கிற எந்த மாணவருக்கும் இந்த வரியைப் புரியவைக்க நீங்கள் சிரமப்பட வேண்டியதில்லை.

1733இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாதமி அவரை வேலைக்கு எடுத்தது. செயலாளர் என்று பதவி, வருடத்துக்கு 360 ரூபிள் சம்பளம். ஒப்பந்தத்தில் இருந்த வேலைகளில் ஒன்று ரஷ்ய மொழியைச் சீர்செய்வது. ஒரு முழு மொழியைச் சீர்செய்யும் வேலை ஒரு மனிதருக்கு, மாதம் முப்பது ரூபிளுக்கு! அவர் அதை அப்படியே நம்பி இறங்கினார். 1735இல் அகாதமியின் மொழிபெயர்ப்பாளர்கள் கூடிய சபையில் பேசும்போது, நமக்கு நல்ல இலக்கணம் வேண்டும், முழுமையான அகராதி வேண்டும், அணியிலக்கணமும் யாப்பிலக்கணமும் வேண்டும் என்று கேட்டார். அறிஞரும் கவிஞருமான லமனோசவின் அணியிலக்கணம் அச்சாகி வந்தது 1748இல், இலக்கணம் வெளியானது 1757இல். பின்னால் தொடங்கிய ரஷ்ய அகாதமி என்ற வேறொரு அமைப்பின் ஆறு தொகுதி அகராதி 1794இல்தான் முடிந்தது. இவர் கேட்டுக் கிட்டத்தட்ட அறுபது வருடம் ஆகியிருந்தது. அவர் இறந்தும் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

சரி, யாப்புக்கு வருகிறேன். அவரது பெரிய சாதனை அதில்தான் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள்.

ரஷ்ய மொழி படிக்கிற எல்லாரும் முதல் மாதத்திலேயே திணறுவது சொல்லழுத்தத்தில். 'மூகா' என்று முதல் அசையில் அழுத்தினால் வேதனை. 'முகா' என்று இரண்டாவதில் அழுத்தினால் மாவு. எழுத்து ஒன்றேதான். போலிஷ் மொழியில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் நிற்கும். ஆனால் ரஷ்யக் கவிஞர்கள் பல காலம் போலிஷ் முறையைத்தான் பின்பற்றி வந்தார்கள். வரிக்குப் பதினொன்று அல்லது பதின்மூன்று அசை என்று எண்ணி, கடைசியில் இயைபு வைத்துவிட்டால் செய்யுள். அழுத்தம் எங்கே விழுந்தாலும் கேட்பாரில்லை. எண்ணிக்கை சரியாக இருக்கும், காதுக்கு மட்டும் உரைநடை மாதிரி இருக்கும்.

1735இல் அவர் வெளியிட்ட 'ரஷ்யச் செய்யுள் இயற்றப் புதிய, சுருக்கமான முறை' என்ற நூல் இதைத்தான் மாற்றியது. அழுத்தமுள்ள அசையும் இல்லாத அசையும் முறையாக மாறி மாறி வர வேண்டும், அதுதான் சீர் என்றார். இதை எங்கிருந்து கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு அந்த நூலிலேயே பதில் இருக்கிறது. நம் எளிய மக்களின் பாட்டுதான் என்னை இதற்குக் கொண்டுவந்தது என்கிறார். சீர் போன்ற பெயர்களை வெளியிலிருந்து எடுத்ததை மறைக்கவும் இல்லை. பிரெஞ்சு யாப்புக்கு நான் பட்ட கடன் ஒரு பை. பழைய ரஷ்யப் பாட்டுக்கோ அந்தப் பைக்குள் இருக்கும் ஆயிரம் ரூபிளும் கடன் என்கிறார். பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர் கிராமத்துப் பெண்கள் பாடும் பாட்டில் இலக்கணம் தேடினார். ரஷ்யாவில் அன்றைக்கு அதை வேறு யாரும் செய்யவில்லை.

அந்த நூல் அரைகுறை என்று சொல்வார்கள். உண்மைதான். நீளமான வரிகளுக்கு மட்டும் புது முறையைச் சொன்னார், ஒரே வகைச் சீரையே பிடித்துக்கொண்டார். ஆனால் மாணவராக இருந்த லமனோசவ் 1736 தொடக்கத்தில் அந்தப் புத்தகத்தை வாங்கி, ஜெர்மனிக்குப் படிக்கப் போகும்போது கையோடு கொண்டுபோனார். ஓரங்களில் கோபமாகக் குறிப்பு எழுதிக்கொண்டே படித்தார். 1739இல் அங்கிருந்து, ரஷ்யச் செய்யுளில் எல்லா வகைச் சீரும் வரலாம் என்று கடிதமும், கூடவே ஒரு பாடலும் அனுப்பினார். அதுதான் நிலைத்தது. திரெதியக்கோவ்ஸ்கி அதற்கு ஒரு மறுப்பு எழுதி அகாதமியில் கொடுத்தார். வீண் சச்சரவு எதற்கு, தபால் செலவாவது மிச்சம் என்று அகாதமி அதை அனுப்பாமல் வைத்துக்கொண்டது. ரஷ்ய யாப்பின் மிக முக்கியமான விவாதத்தில் ஒரு பக்கத்தின் குரல் இப்படி நின்றுபோனது. கடிதங்களோடு பிழைப்பு நடத்துகிற எனக்கு இதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது.

அப்புறம் 1740 பிப்ரவரி. இதை நீங்கள் வகுப்பில் சொல்வதே இல்லை. சொன்னால் எர்மிதாஜ் கதைக்குச் சிரிக்க முடியாது.

பேரரசி அன்னா தன் கோமாளிகளுக்குக் கல்யாணம் செய்து வைத்து, நேவா ஆற்றங்கரையில் பனிக்கட்டியால் கட்டிய வீட்டில் அவர்களை அடைக்க ஏற்பாடு செய்திருந்தார். பொறுப்பு அமைச்சர் வொலின்ஸ்கியிடம். கல்யாணத்துக்குக் கேலிக் கவிதை வேண்டும் என்று, ராணுவப் பள்ளி மாணவன் ஒருவனை அனுப்பி இரவில் திரெதியக்கோவ்ஸ்கியை வீட்டிலிருந்து கூட்டி வரச் செய்தார். வந்தவன், அமைச்சரவை அழைக்கிறது என்று சொல்லி அழைத்துப் போனது யானைக் கொட்டடிக்கு. இப்படிப் பயமுறுத்தி இழுத்து வரலாமா என்று கேட்டதற்கு வொலின்ஸ்கி கன்னத்தில் அறைந்தார். மறுநாள் நியாயம் கேட்க, பேரரசிக்கு மிக நெருக்கமான பீரோன் பிரபுவின் வீட்டு முன்கூடத்தில் இவர் காத்திருந்தார். வொலின்ஸ்கி அங்கே இவரைப் பார்த்ததும் மறுபடி அடித்து, காவலில் வைத்து, சட்டையைக் கழற்றித் தரையில் கிடத்தி வெற்று முதுகில் தடியால் அடிக்கச் சொன்னார். எழுபது அடி இருக்கும் என்று பிறகு சொன்னார்களாம். நிறுத்தி, எழுப்பி, ஏதோ கேட்டு, திரும்பக் கிடத்தி இன்னும் முப்பது. அந்த முதுகோடு, வேஷம் போட்டு, முகமூடி மாட்டி, கல்யாண விருந்தில் கவிதை வாசிக்க வைத்தார்கள். வாசித்து முடித்து வந்ததும் இன்னும் பத்து.

இதெல்லாம் அவரே சில நாளில் அகாதமிக்குக் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது. அதில் அழுகை இல்லை. எந்த நாள், எந்த இடம், யார் சொன்னார், எத்தனை அடி என்று ஒரு இலக்கணக்காரர் எழுதுவது போலவே எழுதியிருக்கிறார். அதே வருடம் கோடையில் வொலின்ஸ்கி வேறு வழக்கில் தலை வெட்டப்பட்டார். அவருடைய சொத்திலிருந்து திரெதியக்கோவ்ஸ்கிக்கு நஷ்டஈடு கிடைத்தது, 360 ரூபிள். அகாதமி ஒப்பந்தத்தில் பேசிய ஒரு வருடச் சம்பளம்.

அதற்கு மேலும் அவர் எழுதினார். 1745 ஜூலையில், அகாதமி இழுத்தடித்ததையும் மீறி, மேலிடங்களில் மனு மேல் மனு போட்டு, சொல்வன்மைத் துறைப் பேராசிரியர் ஆனார். அதே ஆணையில் லமனோசவ் வேதியியல் பேராசிரியர் ஆனார். ஜெர்மானியர்கள் நிறைந்த அகாதமியில் ரஷ்யர்கள் பேராசிரியர் ஆனது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். 1747இல் வீடு தீப்பிடித்தது. பிரெஞ்சு அறிஞர் ரோலினின் பண்டைய வரலாற்றை மொழிபெயர்த்து வைத்திருந்த கைப்பிரதிகள் எரிந்துபோயின. திரும்ப உட்கார்ந்து முதலிலிருந்து மொழிபெயர்த்தார். ரோலினின் பண்டைய வரலாறு 10 தொகுதி, ரோமானிய வரலாறு 16, அதைத் தொடர்ந்து கிரெவியே எழுதிய பேரரசர்கள் வரலாறு 4. ஆக 30 தொகுதி, ஒரே கை. ஒரு கோப்பு அழிந்துபோய் இருபது பக்கத்தைத் திரும்பச் செய்ய நேர்ந்தபோதே நான் இரண்டு நாள் மேஜைப் பக்கம் போகவில்லை.

1748இல் எழுத்துமுறை பற்றி ஒரு நூல் போட்டார். அது ஒரு உரையாடல். ஒரு ரஷ்யரும் ஒரு வெளிநாட்டவரும் பேசிக்கொள்கிறார்கள். வெளிநாட்டவர் கேட்கிறார், இவர் சொல்கிறார். எழுதுவது காதில் கேட்கிறபடி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒலிக்கு அவர் போட்ட சொல், மணி ஒலிப்பதற்கு ரஷ்யர்கள் சொல்லும் அதே சொல். அவர் கேட்டது நடக்கவில்லை, இன்றும் ரஷ்ய மொழியில் எழுதுவது ஒன்று, வாயில் வருவது ஒன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன் மொழியின் எழுத்தைப் பற்றிப் பேச, எதிரில் ஒரு வெளிநாட்டவரை உட்காரவைத்த ஆசிரியர் அவர். உங்கள் வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்த வெளிநாட்டவர்தான்.

அவர் கவிதை நல்ல கவிதையா? பெரும்பாலும் இல்லை. சொற்களை இடம் மாற்றி முறுக்கிவிடுவார், ஒரு வரியைப் பிரித்துப் படிக்கவே நேரம் பிடிக்கும். 1730இல் பேச்சுமொழிக்காக அவ்வளவு நன்றாகப் பேசியவர், வயதான பிறகு அதே ஸ்லாவோனியப் பக்கம் திரும்பினார் என்பதும் உண்மை. இதையெல்லாம் மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த 'திலெமாகிதா'வில்தான் அவர் ஹோமரின் அறுசீர் அடியை ரஷ்ய மொழியில் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடக்கவைத்தார். க்னேதிச்சின் இலியத்தும் ஜுகோவ்ஸ்கியின் ஒடிசியும் பின்னால் ரஷ்ய மொழியில் வந்தது அந்த அடியில்தான். எழுத்தாளர் ரதீஷெவ், தன்னைச் சைபீரியாவுக்கு அனுப்பிய 'பீட்டர்ஸ்பர்கிலிருந்து மாஸ்கோவுக்குப் பயணம்' நூலின் முகப்பில், நூறு வாய்களோடு குரைக்கும் ராட்சதனைப் பற்றிய ஒரு வரியை வைத்தார். அதுவும் 'திலெமாகிதா'விலிருந்து எடுத்துச் சற்று மாற்றியதுதான். அரண்மனையில் தண்டனையாக வாசித்த அதே நூல்.

உடன் எழுதியவர்கள் அவரை விடவில்லை. கவிஞர் சுமரோகவ் 1750இல் அவரைக் கேலி செய்தே ஒரு நாடகம் எழுதினார். 1757இல், அகாதமிக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டதற்கு அவர் கொடுத்த பதிலை நான் தமிழில் செய்து பார்த்தேன்: 'முகத்தைப் பார்த்தால் வெறுக்கிறார்கள், பேச்சை இகழ்கிறார்கள், செய்வதை அழிக்கிறார்கள், கலையைக் குறை சொல்கிறார்கள், அங்கதக் கொம்புகளால் குத்துகிறார்கள், என்னை ராட்சதனாகத் தீட்டுகிறார்கள்.' 1759இல் அகாதமியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். பத்து வருடம் கழித்து, 1769இல் இறந்தார்.

நீங்கள் எல்லாரும் புஷ்கினில் தொடங்குகிறீர்கள். தமிழில் நாம் ரஷ்ய இலக்கியத்தை அறிந்த விதமும் அப்படித்தான். மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்களில் நம் வீடுகளுக்கு வந்தவர்கள் புஷ்கினும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும். அதனால் புஷ்கினையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1835இல் லாஷேச்னிகவ் அந்தப் பனிவீட்டுக் கல்யாணத்தை வைத்து ஒரு நாவல் எழுதி, அதில் திரெதியக்கோவ்ஸ்கியைக் கோமாளியாகக் காட்டினார். புஷ்கின் அவருக்கே கடிதம் எழுதினார். பல வகையிலும் நம் மரியாதைக்கும் நன்றிக்கும் உரிய ஒரு மனிதரை அவமதிக்கிறீர்கள், வொலின்ஸ்கி விவகாரத்தில் அவர் தியாகி, அகாதமிக்கு அவர் கொடுத்த அறிக்கையைப் படித்தால் துன்புறுத்தியவன்மேல் கோபம் வராமல் இருக்காது என்றார். வேறொரு கட்டுரையில், நம் பழைய எழுத்தாளர்களில் மற்றவர்களைப் படிப்பதைவிட இவரைப் படிப்பதில்தான் பயன் அதிகம் என்றும் எழுதினார். புஷ்கினைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் புஷ்கின் சொன்ன இதையும் சொல்லிக்கொடுக்கலாமே.

நான் கேட்பது ஒரே ஒரு வகுப்பு நேரம். எர்மிதாஜ் கதையை வேண்டுமானாலும் சொல்லுங்கள், முதலில் மட்டும் சொல்லாதீர்கள். 1730 முன்னுரையில் தொடங்குங்கள். பிறகு 'மூகா', 'முகா' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அவர் கண்டுபிடித்ததைக் காதால் கேட்கவையுங்கள். நேரம் இருந்தால் 1744இல் அவரும் லமனோசவும் சுமரோகவும் செய்ததையே செய்யலாம். மூன்று பேரும் பைபிளின் ஒரே திருப்பாடலை ஆளுக்கொரு செய்யுளாக எழுதி, எது யாருடையது என்று சொல்லாமல் அச்சிட்டு, தீர்ப்பை வாசகர்களிடம் விட்டார்கள். உங்கள் மாணவர்களிடமும் பெயரைச் சொல்லாமல் மூன்றையும் கொடுங்கள்.

முன்னுரையைத் தமிழில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன், கடினமான சொற்களுக்குப் பக்கத்திலேயே பொருளும் போட்டிருக்கிறேன். அகாதமிக்கு அவர் கொடுத்த அறிக்கையைப் பாதி முடித்திருக்கிறேன். வகுப்புக்கு வேண்டும் என்று கேட்கிற எந்த ஆசிரியருக்கும் இரண்டையும் அனுப்பி வைக்கிறேன்.

நன்றியுடன்,
உங்களைப் போன்ற ஒருவரிடம் ரஷ்ய மொழி கற்ற ஒரு மாணவன்